தேர்த் திருவிழாவுக்கு எந்த வாக்கி டாக்கி? ஐந்து வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த கதை

போன வருடம் பங்குனித் தேருக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது விழாக் கமிட்டிக் கூட்டத்தில் வாக்கி டாக்கி பேச்சு வந்தது, வந்ததுமே எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. ஊரில் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேச அரசு தருகிற உரிமம், வைத்திருக்கிற ஒரே ஆள் நான். "தம்பி, நீதான் செட்டு வெச்சிருக்கியே, ரெண்டு மூணு குடேன், ஒரு நாள்தானே" என்றார் பொருளாளர் மாமா. தர முடியாது மாமா என்றேன். கஞ்சப் பயல் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். அந்த முடியாதுக்குக் காரணம் சொல்லப் போய், அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று தேடப் போய், கடைசியில் ஐந்து வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. கோயில் விழா என்றில்லை, கல்யாண மண்டபம், தென்னந்தோப்பு, பள்ளி விளையாட்டு விழா என்று எதற்கு யோசித்தாலும் இதே குழப்பம்தான் வரும், அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர் நிலையிலிருந்து கிளம்பி கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி சுற்றி நிலைக்கு வர நாலைந்து மணி நேரம். அந்த நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள், வடம் பிடிக்கிற கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர்கள், மருத்துவ முகாம், மோர்ப் பந்தல், ஆம்புலன்ஸ் நிற்கிற சந்து, மின்வாரிய ஆட்கள் என்று ஆறேழு இடத்தில் ஆள் நிற்கிறார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்த பிறகு, அடுத்த வீதியில் மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற சேதி வராமல் தேரை ஒரு அடி நகர்த்துவதில்லை என்று எங்கள் ஊரிலும் முடிவெடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் அந்தச் சேதி எப்படி வரும்? அன்றைக்கு ஊரில் வந்து குவிகிற கூட்டத்துக்கு செல்போன் டவர் திணறிப்போய்விடும், பத்து முறை அழைத்தால் ஒரு முறை மணி அடிக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பியது அரை மணி நேரம் கழித்து மொத்தமாக வந்து விழும். போனை நம்புகிற பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்போ என் செட் ஏன் கூடாது? அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் செட்டின் மேல் ஒட்டுகிற பட்டயம் கிடையாது, அதை இயக்குகிற ஆளுக்குத் தருவது. மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கிற டபிள்யூபிசி பிரிவு நடத்துகிற தேர்வு எழுதி, அழைப்புக் குறி (ஆளுக்கு ஒன்றாகத் தருகிற அடையாளம்) வாங்கி, 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் என்று நமக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பட்டைகளில் மட்டும், இன்னொரு லைசென்ஸ்காரரோடு மட்டும் பேசலாம். பேசும்போது அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். காசுக்காகவும் வியாபாரத்துக்காகவும் பேசக் கூடாது, அடுத்தவர் வேலைக்குச் சேதி கடத்தவும் கூடாது. 1978-ல் வந்த அமெச்சூர் சேவை விதிகளின் சாரம் இதுதான். மோர்ப் பந்தலில் மோர் தீர்ந்துவிட்டது என்று சொல்ல இந்தப் பட்டையைத் திறந்தால் லைசென்ஸ் போனாலும் கேட்க நாதியில்லை.

பேரிடர் என்றால் கதை வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அதுதான் செல்லப் பெயர்) ஆபரேட்டர் தற்செயலாக போர்ட் பிளேரில் ரேடியோவோடு இருந்தார், அந்தமானில் மற்ற தொடர்புகள் அறுந்து கிடந்த நாட்களில் அவருடைய குழுவின் வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்களுக்குத் தகவல் போனது. அந்த மாதிரி நாளுக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்கையே அரசு பொறுத்துக்கொள்கிறது என்று நான் நினைப்பதுண்டு. வீட்டில் 12 வயது தாண்டிய பிள்ளைகள் இருந்தால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்கிற தொடக்க நிலைத் தேர்வு எழுத வையுங்கள், மோர்ஸ் என்கிற தந்திக் குறி கூட வேண்டாம். ஆனால் விழாவுக்கு வழி இதுவல்ல.

கமிட்டி இளைஞர்கள் கையில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. இணையக் கடையில் கிடைக்கிற சீனச் செட், பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாதிரி. இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள், ஐந்து வாட், சார்ஜர், இயர்போன் எல்லாம் சேர்த்து. "அண்ணா, அஞ்சு வாட்டு அண்ணா, பத்து கிலோமீட்டர் எடுக்குமாம்" என்று போனைக் காட்டினான் ஒரு பையன். அந்தச் செட்டை நான் மட்டம் தட்ட மாட்டேன், அந்த விலைக்கு அது ஒரு அதிசயம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400-லிருந்து மேலேயும் எந்த எண்ணைத் தட்டினாலும் அங்கே போய்ப் பேசும். அந்த எண்களில் யார் யார் இருக்கிறார்கள்? காவல்துறை, தீயணைப்பு, ரயில் ஓட்டுநரும் கார்டும், கடலில் போகிற படகுகள். கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுகிற 16-ம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்குள்தான் வருகிறது. வாங்கிய கையோடு பெட்டியிலிருந்து எடுத்து "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சொன்னால் அது யார் காதில் விழும் என்று சொல்லவே முடியாது.

நம் நாட்டுச் சட்டத்தில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பேசினால்தான் குற்றம் என்றில்லை, உரிமமோ விலக்கோ இல்லாத ரேடியோ செட்டை வைத்திருப்பதே தப்பு என்பது 1933-ம் வருடத்து வயர்லெஸ் சட்டத்திலிருந்து வருகிற நிலை, 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. "அமேசான்ல விக்கிறானே அண்ணா, தப்புன்னா விப்பானா?" என்று கேட்டான் அதே பையன். விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால்தான் 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்பதற்கென்றே தனியாக வழிகாட்டு நெறிகள் போட வேண்டியிருந்தது, எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா, அந்த மாடலுக்கு இடிஏ என்கிற அரசு ஒப்புதல் இருக்கிறதா என்று விற்கிற பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று. கடை விற்கிறது என்பது நாம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சான்று கிடையாது. திருவிழா பந்தோபஸ்துக்கு வந்திருக்கிற காவலர் ஒருவர், நம் பையன் கையில் உள்ள செட்டில் தங்கள் சேனல் கேட்கிறதைப் பார்த்தால் அன்றைக்குத் தேரை யார் இழுப்பது?

சரி, சட்டத்தை ஒரு ஓரமாக வைப்போம். ஐந்து வாட் என்றால் ஒரு வாட் செட்டைவிட ஐந்து மடங்கு தூரம் போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். தடையே இல்லாத வெட்டவெளியில் கணக்குப் போட்டால் சக்தி ஐந்து மடங்கு ஆனால் தூரம் இரண்டே கால் மடங்குதான் கூடும். தரையில் ஆள் உயரத்தில் வைத்துக்கொண்டு, சுவரும் மரமும் கூட்டமும் நடுவில் இருந்தால் ஒன்றரை மடங்கு கிடைத்தாலே அதிகம். இந்த அலைகள் கிட்டத்தட்ட கண்பார்வை போலத்தான், நேர்க்கோட்டில் போகும், பூமியின் வளைவே ஆளுக்கு ஆள் சுமார் பத்து கிலோமீட்டரில் மறைத்துவிடும். அந்தப் பத்தும் நடுவில் புல் கூட முளைக்காத உப்பளத்தில் நின்றால். பெட்டியில் போட்டிருக்கிற கிலோமீட்டர் எல்லாம் இரண்டு மலை உச்சியில் இரண்டு பேர் நின்று பேசினால் வருகிற கணக்கு. தூரம் வேண்டுமென்றால் வாட்டைக் கூட்டுவதைவிட ஆளை மாடியில் ஏற்றுவது நல்லது, செலவும் இல்லை.

இதைச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லைசென்ஸ் தேவைப்படாத ஒரு வாட் செட் இரண்டை தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, பொருளாளர் மாமாவைத் தேர்நிலைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் நான்கு வீதியும் நடந்தேன். கீழ வீதி முழுக்கத் தெளிவு. தெற்கு வீதித் திருப்பத்திலும் பரவாயில்லை. மேல வீதிக்குள் நுழைந்து கோபுரத்துக்கு நேர் பின்னால் போனதும் மாமா காணாமல் போனார், வெறும் இரைச்சல். கருங்கல் மதில், நடுவில் ஆயிரம் வருடமாக நிற்கிற கல் மண்டபம், அதற்குள் புகுந்து வர எந்த அலைக்கும் மனசு வராது. நாலு அடி நகர்ந்து ஒரு சந்து வாயில் நின்றால் மறுபடி கேட்டது. அப்புறம் ஒரு யோசனை தோன்றி மாமாவை நாற்காலியோடு சத்திரத்து மொட்டை மாடிக்கு மாற்றினேன் (முழங்கால் வலியோடு ஏறினார், அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்). மாடியில் அவர் உட்கார்ந்ததும் மேல வீதி முழுக்கக் கேட்டது, வடக்கு வீதியில் ஒரே ஒரு இடம் தவிர. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு, இங்கே நிற்காதே என்று எழுதிவிட்டு வந்தோம். அந்த ஒரு மணி நேர நடை, பத்து விளம்பரம் படித்தாலும் தராத விஷயத்தைத் தந்தது. எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் இரண்டே இரண்டு செட் கையில் வாங்கி உங்கள் இடத்தில் நடந்து பாருங்கள்.

அந்த லைசென்ஸ் தேவைப்படாத செட் எது என்றால், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலை செய்வது. 2005-லிருந்தே இந்தப் பட்டையில் ஒரு வாட்டுக்கு மிகாத குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எதுவுமே வேண்டாம் என்று ஆகாது, அந்த மாடலுக்கு இடிஏ ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அந்தச் சான்றிதழின் நகலை விற்பவர் தயங்காமல் தர வேண்டும். இன்னொரு குழி, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வருகிற செட். அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாமல் பேசுகிற செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில். அங்கே பெட்டியில் உரிமம் தேவையில்லை என்று போட்டிருப்பது அந்த ஊருக்கு, நம் ஊரில் அந்த எண்கள் வேறு யாருடையவோ.

இந்தச் செட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். விலை அதிகம், எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் ஒன்றின் காசுக்கு அந்தச் சீனச் செட் மூன்று வாங்கியிருக்கலாம். அலைநீளம் வெறும் 35 சென்டிமீட்டர் என்பதால் ஆன்டெனா கட்டைவிரல் மாதிரி குட்டியாக இருக்கும், அது வசதி, ஆனால் இலை தழையைத் துளைத்துப் போவதில் விஎச்எஃப் செட்டுக்கு, அதாவது 136-லிருந்து 174 பக்கம் பேசுகிற செட்டுக்கு, இணை வராது. அடர்ந்த தோப்பிலும் காட்டிலும் இதன் எல்லை சட்டென்று சுருங்கும். நான்கு வீதிக்கு, மண்டபத்துக்கு, கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு, பள்ளி மைதானத்துக்குத் தாராளம்.

வாடகைக்கு எடுக்கலாமே என்று செயலாளர் சொன்னார், அதுவும் நியாயம்தான், வருடத்துக்கு ஒரு நாள் விழாவுக்கு எதற்குச் சொந்தமாக என்று. பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்காரரைப் பிடித்தோம். உரிமம் வாங்கிய அலைவரிசையில் இயங்குகிற ஐந்து வாட் செட், ஒரு நாள் வாடகைக்கு, எல்லாம் லைசென்ஸ் பக்கா சார் என்றார். நகல் அனுப்புங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் அவர் கடையின் ஜிஎஸ்டி சான்றிதழ். மறுபடி கேட்டதற்கு "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே சார்" என்று உண்மையிலேயே மனம் நொந்து சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். ஒழுங்காகச் செய்கிற வாடகைக்காரர்கள் உண்டு, அவர்களிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: உரிமம் யார் பெயரில், எந்த அலைவரிசைக்கு, எந்த இடத்துக்கு. பதில் காகிதத்தில் வந்தால் எடுங்கள், பெரிய விழாவுக்கு, ஐம்பது அறுபது செட் தேவைப்படுகிற இடத்துக்கு அதுதான் சரியான வழி. ஆலையோ மருத்துவமனையோ வருடம் முழுக்கப் பயன்படுத்தப்போகிறது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பித்துச் சொந்தமாக உரிமமே வாங்கிவிடலாம், அலைவரிசைக்கு வருடாவருடம் கட்டணம் உண்டு. எங்கள் மாதிரி எட்டு செட் கமிட்டிக்கு அது எலிக்கு யானை வாங்கிக் காவல் வைத்த கதை.

ஐந்தாவது, சிம் போடுகிற வாக்கி டாக்கி. பார்க்க ரேடியோ மாதிரியே இருக்கும், பட்டனை அழுத்திப் பேசலாம், உள்ளே 4ஜி போன். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பேசும், தனி உரிமத் தலைவலி இல்லை, மாதச் சந்தா உண்டு. லாரி ஓட்டுகிறவர்கள், பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கு இதை அடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் டவர் திணறுகிறது என்பதற்காக வாக்கி டாக்கி தேடுகிறவன் டவரை நம்பி ஓடுகிற வாக்கி டாக்கியை வாங்கினால் அவனை என்ன சொல்வது? மழை வெள்ளத்தில், மலையில், திருவிழாவில், போன் செத்த அதே நிமிடம் இதுவும் சாகும்.

ஆக எங்கள் முடிவு எட்டு 865 செட். கமிட்டியில் பாதிப்பேருக்கு மனசில்லை, ஐந்து வாட்டின் மீதே ஆசை. என் கட்சி என்னவென்றால், ஐந்து வாட் செட்டை வைத்துக்கொண்டு கண்டபடி பேசுகிற எட்டுப் பேரைவிட ஒரு வாட்டில் ஒழுங்காகப் பேசுகிற எட்டுப் பேர் தேவலை. அது சரியா தப்பா என்பது விழாவுக்கு நாலு நாள் முந்திய ஒத்திகையில் தெரிந்துவிட்டது.

ஒத்திகையில் முதல் பத்து நிமிடமும் குப்பை. எல்லாரும் பட்டனை அழுத்துவதும் பேசத் தொடங்குவதும் ஒரே நேரத்தில் செய்தார்கள், முதல் சொல் விழவில்லை. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பேசு என்றதும் அது சரியானது. ஆனால் வாக்கியத்தின் கடைசியில் நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மேல வீதியில் நின்ற பையன் சொன்னது, "கரண்ட் நிறுத்தியாச்சான்னு தெரியல." வாய் மூடுவதற்குள் விரலை எடுத்துவிட்டான். மாடியில் கேட்டது, "கரண்ட் நிறுத்தியாச்சா". பக்கத்தில் நாதஸ்வரப் பயிற்சி வேறு. மாமா திரும்பி என்னிடம், "நிறுத்தியாச்சாம்" என்றார்.

தமிழில் இல்லை, தெரியாது, கூடாது எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. விரலை அரை நொடி முன்னால் எடுத்தால் வால் அறுந்து அர்த்தமே தலைகீழாகிவிடும். அன்றைக்கே விதி போட்டோம். மின்சாரத்துக்கு வாக்கியமே கிடையாது, சிவப்பு அல்லது பச்சை, இரண்டே சொல்; பச்சை என்றால் நிறுத்தியாயிற்று, சிவப்பு என்றால் இல்லை. மேல வீதி பச்சை, மேல வீதி பச்சை என்று இரண்டு முறை. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொன்னது சரி என்று முதல் ஆள் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் வரவில்லையா, சிவப்பு என்று அர்த்தம், தேர் நிற்கும். அதற்கு மேலும், தேருக்குப் பக்கத்தில் மின்வாரிய ஆள் ஒருவர் நேரில் நின்று தலையசைக்காமல் வடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. உயிர் விஷயத்தில் ரேடியோ சேதி சொல்லலாம், கடைசிச் சொல் அதனுடையதாக இருக்கக் கூடாது.

யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் இடத்தின் பெயர் முதலில், நம் இடம் அடுத்து: "மாடி, மாடி, இது வடக்கு வீதி." ஆள் பெயர் வேண்டாம், எங்கள் ஊரில் செந்தில் மட்டும் நாலு பேர். முடித்ததும் ஓவர். சினிமாவில் மாதிரி ரோஜர் ஓவர் அண்ட் அவுட் எல்லாம் தேவையில்லை, சரி என்றாலே போதும். வாய்க்கு நாலு விரல்கட்டை தள்ளி, சாதாரணக் குரலில். கத்தினால் கேட்காது, கத்தினால் பிசிறும். சத்தம் உங்கள் பக்கம் அதிகம் என்றால் பிரச்சனை உங்கள் காதில், அதற்கு இயர்போன்.

தேர் அன்றைக்கு நடந்த ஒரே அசம்பாவிதம் பட்டனால்தான். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் சேனலில் திடீரென்று யாரோ சாப்பிடுகிற சத்தம், ரசம் கேட்கிற சத்தம், "இன்னும் கொஞ்சம் அப்பளம் போடு". அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த ஒருவர் செட்டை மடியில் வைத்து அதன் மேல் முழங்கையை ஊன்றியிருக்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது என்பதுதான் இந்தக் கருவியின் இயல்பு, ஆக அவர் ரசம் முடித்து மோருக்கு வரும் வரை எட்டுப் பேருக்கும் வாயடைப்பு. அவரைக் கூப்பிட்டும் சொல்ல முடியாது, அவர் செட் அனுப்பிக்கொண்டிருக்கிறது, வாங்காது. கடைசியில் ஒரு சிறுவனை ஓட விட்டோம். தேர் அந்த நேரம் நிழலுக்காக நின்றிருந்தது, பிழைத்தோம். இந்த வருடம் எல்லாச் செட்டிலும் ஒரே ஆள் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி டைம் அவுட்டை வைத்துவிட்டேன், அநேகமாக எல்லாச் செட்டிலும் அந்த வசதி இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ரகசியம் என்று ஒன்று கிடையாது, அதையும் எல்லாருக்கும் சொல்லி வைத்தோம். செட்டில் பிரைவசி கோடு என்று ஒன்று போட்டிருப்பார்கள், பேர்தான் பிரைவசி. அது நம் குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய ஒலியைச் சேர்த்து அனுப்பும், அந்த ஒலி இல்லாத மற்றவர்களின் பேச்சு நம் காதில் விழாமல் செய்யும், அவ்வளவே. நம் பேச்சு அடுத்தவன் காதில் விழுவதை அது தடுக்காது. உண்டியல் எண்ணி முடிந்தது, பணத்தை ஆட்டோவில் ஏற்றுகிறோம் என்று ரேடியோவில் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். காணாமல் போன குழந்தை கிடைத்தால் பெயர், சட்டை நிறம், அம்மா பெயர் எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். நாங்கள் "மருத்துவ முகாமில் ஒரு சின்னப் பூ இருக்கிறது" என்று மட்டும் சொல்வோம், வந்து கேட்கிறவரிடம் சட்டை நிறத்தை நாம் கேட்போம்.

உடம்புக்கு ஆகுமா என்று என் அக்கா கேட்டாள். விட்டு விட்டு, அனுப்பும்போது ஆன்டெனா முகத்தைத் தொடாமல் ஒரு அங்குலமாவது தள்ளிப் பிடித்தால் ஒரு வாட்டுக்கு நான் கவலைப்பட மாட்டேன். ஆன்டெனாவைக் கையால் பிடித்துத் தூக்குகிற பழக்கம் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக இதை மாட்டக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். இதைவிட நான் பயப்படுவது வாணவேடிக்கையைப் பார்த்து. திரி கொளுத்துகிற பழைய வெடிக்குப் பிரச்சனை இல்லை, மின்சாரத்தில் பற்றவைக்கிற வகைகளில் இக்னைட்டருக்குப் போகிற நீளமான ஒயர் ஒரு ஆன்டெனா மாதிரி வேலை செய்யக்கூடும், பக்கத்தில் நின்று அனுப்பினால் அதில் மின்னோட்டம் தூண்டப்படலாம். கல் குவாரிகளில் வெடி வைக்கிற இடத்தில் ரேடியோவை அணைக்கச் சொல்லிப் பலகை வைப்பது அதனால்தான். வாணவேடிக்கைத் திடல் பக்கம் செட்டோடு யாரையும் விடவில்லை. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றும்போதும் அப்படியே, அந்த இடத்தில் பேசவும் வேண்டாம், பேட்டரியைக் கழற்றி மாட்டவும் வேண்டாம்.

பேட்டரி பத்து மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பது, நூறில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு நேரம் கேட்டு, மீதி தொண்ணூறு பங்கு சும்மா இருந்தால் வருகிற கணக்கு. தேர் அன்றைக்கு யார் சும்மா இருப்பார்கள்? மாடிச் செட் மதியம் இரண்டு மணிக்கே பல்லிளித்தது. இந்த வருடம் மாடிக்கும் தேருக்கும் மட்டும் ஒரு பேட்டரி உபரி வாங்கியிருக்கிறோம், அதே கம்பெனி பேட்டரி, பிளாட்பாரத்தில் விற்கிற உப்பிப்போன லித்தியம் இல்லை.

விழாவுக்கு முந்தைய வாரம் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம், எட்டு செட், இன்ன பட்டை, இடிஏ நகல் இணைப்பு என்று. விதி கேட்கிறதோ இல்லையோ, அது எங்கள் நிம்மதிக்கு. எழுத்தர் படித்துவிட்டு, "உங்க தொல்லை எங்களுக்கு வராதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எட்டும் பொருளாளர் மாமா வீட்டு பீரோவில் இருக்கின்றன, பேட்டரி கழற்றி, பாதி சார்ஜில், ஒவ்வொன்றின் முதுகிலும் இடத்தின் பெயர் எழுதின பிளாஸ்திரியோடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சார்ஜ் பார்ப்பது அவர் வேலை. போன வாரம் அந்த நாள், வீட்டிலிருந்தே கூப்பிட்டார், என் வீடு இரண்டு தெரு தள்ளி. "மாடி, மாடி, இது பீரோ. கேக்குதா தம்பி, ஓவர்" என்றார், ஓவர் முழுசாக வந்து விழுகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.